சவம் இறக்கும் வழி

ஆஸ்திரேலியா போய் வந்தேன் என்றதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சிட்னியில் கடலோரம் சிப்பிகளைக் கவிழ்த்து அடுக்கியது போல ஒரு கட்டடம் இருக்கிறதாமே, பார்த்தீர்களா என்று. பார்க்கவில்லை. சிட்னியில் என் கால் பட்டது விமான நிலையத்தில் மட்டும்தான். பரமட்டாவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, "அன்ரி, ரெண்டு நாள் நிண்டுபோட்டுப் போங்கோ, எல்லாம் சுத்திக் காட்டுறன்" என்று போனில் கெஞ்சினாள். "சாகக் கிடக்கிறவளைப் பார்க்க வந்தனான் பிள்ளை, ஊர் பார்க்க வரேல்லை" என்று சொல்லிவிட்டு மெல்பேர்ன் விமானத்தில் ஏறினேன்.

நான் பார்த்தது ஒரே ஒரு வீடு. ஆனால் அதை நிலத்திலிருந்து முகடுவரை பார்த்தேன். அதிகம் படித்தவள் இல்லை நான். கண்டதைக் கண்டபடி எழுதத்தான் தெரியும்.

சாகக் கிடந்தவள் என் தங்கை பாக்கியம். புருஷன் போன பிறகு மகன் குகனோடு மெல்பேர்னில் இருந்தாள். புற்றுநோய் முதுகெலும்புக்குள் போய்விட்டது, இனி மருந்து இல்லை என்று குகன் சொன்ன அன்றே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அங்கே இறங்கியபோது குளிர். ஊரில் சோளகக் காற்று அடித்துப் புழுதி பறக்கிற காலம். அங்கே வாய் திறந்தால் புகை வந்தது. குகன் தன் குளிர்ச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டான். கார் வெகுநேரம் ஓடியது. நகரம் முடிந்து, மலை தொடங்குகிற இடம். த பேசின் என்று பெயர். மரங்கள் பனையைப் போல மூன்று மடங்கு உயரம், பட்டை உரிந்து தோல் தோலாகத் தொங்கின. வழியில் ஒரு பிள்ளையார் கோயில் தெரிந்தது. கைகூப்பினேன். "இதாலை தான் பெரியம்மா இந்தப் பக்கம் வீடு பார்த்தனான். அம்மாவுக்குக் கோயில் கிட்ட" என்றான் குகன்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் எனக்கு இறங்க மனம் வரவில்லை.

"உதென்னடா வீடு? விழப்போற மாதிரி நிக்குது."

"ஐந்நூறு வருசத்துக்கு மேலை இப்பிடித்தான் நிக்குது பெரியம்மா."

"இந்த நாட்டிலையோ?"

"இல்லை, இங்கிலாந்திலை ஒரு கிராமத்திலை. ஆரோ ஒரு பணக்காரன் அதை வாங்கி, கழட்டி, கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்து இஞ்சை திருப்பிப் பூட்டினவன்."

"வீட்டையோ கழட்டினவன்?"

"ஓம். கட்டில் கழட்டுற மாதிரி. ஆணி இல்லை. எல்லாம் மர ஆப்பு."

வெளியில் நின்று நன்றாகப் பார்த்தேன். கறுத்த மரத்தூண்கள், குறுக்கே உத்தரங்கள், மூலைகளில் வளைந்த சாய்வு மரங்கள். அவற்றுக்கு இடையில் மட்டும் வெள்ளை பூசிய சுவர். மேல்மாடி கீழ்மாடியைவிட ஒரு முழம் முன்னுக்குத் தள்ளி, எட்டிப் பார்க்கிற கிழவியின் முகம் போல நின்றது. மனிதருக்கு எலும்பு உள்ளே இருக்கும். இந்த வீட்டுக்கு எலும்பு வெளியே இருந்தது.

சட்டம் காக்கிற வீடாம். ஒரு கதவுப் பிடியை மாற்றுவதென்றாலும் அனுமதி கேட்க வேண்டும். ஒருவரும் வாங்கத் துணியாத வீட்டைக் குகன் ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். கட்டட எஞ்சினியர் அவன். மரத்தைக் கண்டால் விடமாட்டான். அவன் மனைவி நிரோ வாசலில் வந்து என் கையைப் பிடித்தாள். "நான் ஒரு வெள்ளைக் குசினி கேட்டனான் பெரியம்மா. இவர் எனக்கு ஒரு மியூசியம் வாங்கித் தந்தவர். குனிஞ்சு வாங்கோ, நிலை இடிக்கும்."

குனிந்தேன். அப்படியும் இடித்தது.

உள்ளே ஒரே கூடம். தரையில் அகலக் கற்கள். ஒரு மாட்டைக் கட்டலாம் போலப் பெரிய அடுப்பு. அடுப்புக்கு மேலே கிடந்த உத்தரத்தில் யாரோ கூர்முனையால் ஒரு வட்டம் கீறி, வட்டத்துக்குள் ஆறிதழ்ப் பூவும் கீறியிருந்தார்கள். பக்கத்தில் விளக்குத் திரி பிடித்துச் சுட்ட கறுப்புத் தழும்புகள். தீயது உள்ளே வராமல் இருக்க அந்தக் காலத்து ஆட்கள் செய்ததாம். "வெள்ளைக்காரனுக்கும் கண்ணூறு இருந்திருக்கு" என்றேன். நிரோ மெல்லச் சிரித்தாள். அந்த வீட்டில் சத்தமாக ஒருவரும் சிரிப்பதில்லை என்று அப்போதே விளங்கிவிட்டது.

மேலே போகிற படி புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு போனது. படி என்பதா, ஏணி என்பதா? ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் விரல் வைக்கவும் இடமில்லை. கையை ஊன்றித் தவழ்ந்து ஏறினேன்.

பாக்கியம் ஜன்னலோரக் கட்டிலில் நேராக மல்லாந்து கிடந்தாள். திரும்பக் கூடாதாம். கண் மட்டும் என் பக்கம் வந்தது.

"வந்திட்டியே?"

"வந்திட்டன்."

"உன்ரை தலை முழுக்க நரைச்சுப் போச்சு அக்கா."

"உனக்குத் தலைமயிரே இல்லை. நீ கதைக்க வந்திட்டாய்."

சிரித்தாள். சிரித்தது முதுகில் போய் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி போகுமட்டும் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னைக் குனியச் சொல்லி, காதுக்குள் சொன்னாள்.

"என்னைக் கீழை இறக்கிப் போடு. மகன் அழுவான், அவனாலை ஏலாது. நீ இறக்கு. பரணிலை கோழி மாதிரிச் சாகமாட்டன்."

எங்கள் பக்கத்தில் சீவன் போகிற நேரம் ஆளைக் கட்டிலிலிருந்து இறக்கி நிலத்தில் கிடத்துவோம். முதுகுக்குக் கீழே நிலம் இருக்க வேண்டும். அந்தரத்தில் போகிற சீவன் அந்தரத்திலேயே நிற்கும் என்பது எங்கள் ஆட்களின் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

கூடத்தில் குளியலறை இல்லை என்று மேலே ஏறி வந்தவள், தன் காலால் நடந்து ஏறியவள்தான். பிறகு எலும்பு கரைந்தது. இப்போது நிமிர்த்தவும் கூடாது, மடக்கவும் கூடாது. அம்புலன்ஸ்காரர்கள் இரண்டு தரம் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். படுத்தபடி அந்தப் படியில் திருப்ப முடியாது. நிமிர்த்திக் கட்டினால் முதுகு முறியும். ஜன்னலில் உள்ளங்கை அகல இடைவெளி விட்டு வரிசையாக மரக்கம்பிகள்.

"கம்பியை வெட்டன்ரா" என்றேன் குகனிடம்.

"நெருப்புப் பிடிச்சால் வெட்டலாம் பெரியம்மா. சாகிறதுக்கு வெட்ட விடமாட்டினம்" என்றான். இரண்டு நாளில் அதற்கென்று ஓர் ஆள் வருவதாகவும், அனுமதி கேட்டிருப்பதாகவும் சொன்னான்.

எனக்குப் பாக்கியத்தின் அறையிலேயே, நடுவில் விரித்திருந்த கம்பளத்தின் மேல் மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். நல்ல நித்திரை வந்தது.

வந்த ஆள் ஒரு பெண். பெயர் ரூத். பழைய கட்டடங்களைப் பார்க்கிற உத்தியோகம். உயரமானவள், வெள்ளைத் தலை, காலில் சேற்றுச் சப்பாத்து. கேட்காமலே சப்பாத்தை வாசலில் கழற்றினாள். அதனால் அவளை எனக்குப் பிடித்தது. மாட்டு வைத்தியர் மாட்டைத் தடவுவது போலத் தூண் தூணாகத் தடவிக்கொண்டு வந்தாள். அவள் சொல்வதை நிரோ எனக்குத் தமிழில் சொன்னாள். ஓக் என்கிற மரமாம். பச்சையாக இருக்கும்போதே அறுத்துப் பூட்டிவிடுவார்களாம். காய்ந்து முறுக முறுக, மூட்டு இறுகுமாம். ஒவ்வொரு மூட்டிலும் தச்சன் உளியால் கோடு கீறியிருந்தான். எந்த மரம் எந்த மரத்தோடு சேரும் என்பதற்கு. கப்பலில் வந்த வீடு திரும்ப எழும்பியது அந்தக் கோடுகளால்தான்.

"சுவர் என்ன, வெறும் தடியும் களிமண்ணும்தானே? எங்கடை மண்வீடு மாதிரி. உடைச்சுப்போட்டுத் திருப்பிப் பூசுவம்" என்றேன்.

நிரோ மொழிபெயர்த்தாள். ரூத் கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். வெள்ளைக்குக் கீழே சாய்வாக ஒரு மரம் ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. எல்லாச் சுவரிலும் அப்படி ஒரு மரம் ஓடியது. மண்ணை எடுத்தாலும் ஒரு பிள்ளை நுழைகிற இடைவெளிதான் வரும்; மரத்தை எடுத்தால் மேல்மாடி இறங்கும். படியை அகலப்படுத்தினால் புகைபோக்கி சரியும். ஜன்னலிலும் அப்படித்தான், அந்தக் கம்பிகள்தான் மேல் உத்தரத்தைத் தாங்குகின்றனவாம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் குகன் தலையாட்டினான். அவனுக்கு இது ஏற்கெனவே தெரிந்த கதை. யாராவது வேறு சொல்ல மாட்டார்களா என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

ரூத் கட்டிலைப் பார்த்தாள். பாக்கியம் அவளைப் பார்த்தாள். பிறகு ரூத் என் மெத்தையை நகர்த்தச் சொன்னாள். கம்பளத்தைச் சுருட்டி, குதிகாலால் பலகையைத் தட்டிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அந்த இடத்துப் பலகைகளில் ஆப்பு இல்லை. நீளவாக்கில், ஓர் ஆள் அகலம். கதவு மாதிரி ஒரு மூடி.

அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். நிரோ மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்லுறா?"

நிரோ குகனைப் பார்த்தாள். குகன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தக் காலத்திலை படி ஒடுக்கம் எண்டபடியால் சவப்பெட்டி இறக்க முடியாது பெரியம்மா. அதுக்காகத் தரையிலை ஒரு வழி விடுறவையாம். இது சவம் இறக்குற வழி."

 இரண்டு இரவு அதன்மேல்தான் படுத்திருந்தேன்.

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "பிறகென்ன? இறக்குங்கோவன்."

"வாயை மூடு" என்றேன்.

அன்று வீட்டில் பெரிய தர்க்கம். கனடாவில் இருக்கிற பாக்கியத்தின் மகள் சுமதி போனில் அழுதாள். "உயிரோட இருக்கிற ஆளைச் சவம் போற வழியால ஆரும் இறக்குவினமே? பெரியம்மா, நீங்கள் விடாதேங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே?" எனக்குத் தெரியும். செத்தவருக்குச் செய்கிற எதையும் இருக்கிறவருக்குச் செய்யக் கூடாது. வெள்ளைத் துணியால் போர்த்தக் கூடாது, தெற்கே தலை வைத்துக் கிடத்தக் கூடாது, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது. செய்தால் அழைத்ததாகிவிடும். இதையெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். "இறக்க விடமாட்டன்" என்று சுமதிக்கு வாக்குக் கொடுத்தேன்.

பாக்கியம் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பினாள். கஞ்சி கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லை.

மறுநாளும் திறக்கவில்லை. கூழ் என்றால் குடிப்பாளோ என்று, ஒடியல் மா வாங்க நிரோவோடு கிரான்பர்னுக்குப் போனேன். அங்கே எங்கள் சாமான் விற்கிற கடை ஒன்று. முருங்கைக்காய் கல் மாதிரி உறைந்து கிடந்தது. ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை என்னைக் கண்டு, "பாட்டி, என்ன தேடுறீங்க?" என்றாள்.

"நான் உனக்குப் பாட்டியோ?"

"ஐயோ, சாரிங்க ஆன்ட்டி. என்ன வேணும்?"

"ஒடியல் மா."

"அப்படின்னா? ராகி மாவு மாதிரியா?"

பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிற மா என்று விளக்கினேன். அந்தப் பிள்ளையே தேடி, கீழ்த்தட்டிலிருந்து எடுத்துத் தந்தாள். கூழில் போட இறாலும் வாங்கினோம்.  மழைக்குள் கார் ஓடத் தொடங்கிய பிறகுதான் நிரோ வாய் திறந்தாள்.

"பெரியம்மா, ஒரு விசயம் சொல்லட்டே? கோவிக்கக் கூடாது. நான் ஒவ்வொரு நாளும் மேலை போகேக்க மாமி ஒண்டே ஒண்டுதான் கேக்கிறவ. 'நிலம் எப்பிடிக் கிடக்கு? ஈரமோ?' சாப்பாடு கேக்கிறேல்லை, மருந்து கேக்கிறேல்லை. நிலம் ஈரமோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

 அந்த நேரம் பார்த்து டயர் வெடித்தது.

மலையடி ரோட்டில், மழையில், இரண்டு பெண்கள். நிரோ போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த லொறி ஒன்று நின்றது. தாடிக்காரன் ஒருவன் இறங்கி, ஒன்றும் கேட்காமல் ஜாக்கியைப் போட்டான். டேவ் என்று பெயர். மரம் வெட்டுகிறவன். மலையில் வீடுகளுக்கு மேல் சரிந்த மரங்களைத் துண்டு துண்டாக வெட்டி, கயிற்றில் கட்டி இறக்குவது அவன் தொழில். லொறி முழுக்கக் கயிறும் கப்பியும் கிடந்தன. அவன் டயர் மாற்றும்வரை அந்தக் கயிறுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கொப்பு இறக்கேக்க விழாதோ எண்டு கேள்" என்றேன் நிரோவிடம்.

கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னான். "போன கிழமை ஒரு கொப்பைக் குருவிக் கூட்டோட இறக்கினவராம். முட்டை உடையேல்லையாம்."

"அப்ப ஆளை இறக்குவாரோ எண்டு கேள்."

நிரோ என் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "பெரியம்மா..."

"கேளடி பிள்ளை. மழை நனைக்குது."

வீட்டுக்கு வந்து கூழ் காய்ச்சிக் கொண்டு மேலே ஏறினேன். பாக்கியம் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். "சனிக்கிழமை இறக்கிறம். இப்ப வாயைத் திற" என்றேன். திறந்தாள். ஐந்தாறு கரண்டி போனது.

"உறைப்புக் காணாது" என்றாள்.

சனிக்கிழமை காலை எல்லோரும் வந்தார்கள். டேவும் இன்னொருவனும் வந்தார்கள். வலிக்கு ஊசி போடுகிற நர்ஸ் வந்தாள். ரூத் லீவு நாளிலும் வந்தாள். முகட்டு உத்தரத்தில் கயிறு உராயாமல் இருக்கத் தன் கையால் கம்பளி சுற்றினாள். அந்த உத்தரம் முழுக்கப் புகைக் கறுப்பு. புகைபோக்கி கட்டுவதற்கு முந்திய காலத்தில், கூடத்து நடுவில் எரித்த நெருப்பின் கரியாம். குகன் மூடியைத் தூக்கினான். கீழிருந்து குளிரும் சாம்பல் மணமும் ஏறி வந்தன. குழி மாதிரி இருந்தது. நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்தேன்.

என் நிபந்தனைகளைச் சொன்னேன். வெள்ளைச் சேலை இல்லை; சிவப்புக் கூறைச் சேலை மாதிரி ஒன்றை உடுத்தச் செய்தேன். நெற்றியில் திருநீறு போதாது, அவள் வேண்டாம் என்று சொல்லியும் சந்தனம் வைத்தேன். செத்தவருக்கு வாயில் அரிசி போடுவோம். இவள் வாயில் கற்கண்டு போட்டேன். தலை வடக்கேயும் இல்லை தெற்கேயும் இல்லை, கிழக்கே இருக்கும்படி பலகையைத் திருப்பச் சொன்னேன். டேவ் நெஞ்சிலும் இடுப்பிலும் வார் இறுக்கினான். காலுக்கு வார் எடுத்ததும் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"கால் கட்டேலாது."

"கட்டாட்டில் கால் சறுக்குமாம் பெரியம்மா" என்றாள் நிரோ.

"முழங்காலிலை கட்டட்டும். பாதத்தைச் சேர்த்துக் கட்டக் கூடாது. சவத்துக்குத்தான் கட்டுறது எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். டேவ் என்னைப் பார்த்தான். பிறகு முழங்காலுக்கு மேலே, இரண்டு காலுக்கும் தனித்தனியாகக் கட்டினான். இவர்தான் இங்கே மேலதிகாரியோ என்று ஏதோ கேட்டான். "ஓம் எண்டு சொல்லு" என்றான் குகன்.

கடைசி நிபந்தனையைப் பாக்கியத்துக்குச் சொன்னேன். "இறங்கி முடியுமட்டும் கதைச்சுக்கொண்டே இரு. வாய் ஓயக் கூடாது. சவம் கதைக்காது. நீ கதைச்சால், இந்த வழிக்குத் தெரியும் நீ ஆரெண்டு."

"என்னத்தைக் கதைக்க?"

"இவ்வளவு காலமும் ஓயாமல் கதைச்சனிதானே? இப்ப என்ன கேள்வி?"

கயிறு இறுகியது. பலகை தரையிலிருந்து கிளம்பி, ஆடி, வழிக்கு நேரே வந்து நின்றது. பாக்கியம் தொடங்கினாள்.

"என்ரை அக்கா இருக்கிறாவே, இவ தன்ரை கலியாணத்தண்டு தாலி கட்ட முந்திக் குசினிக்குள்ளை போய் வடை திண்டவ. நான்தான் காவல் நிண்டனான். அத்தானுக்குச் சாகுமட்டும் தெரியாது..."

"உதையே இப்ப சொல்லுறது!"

"நீதானே கதைக்கச் சொன்னனி?"

குகன் அழுதுகொண்டே சிரித்தான். பலகை தரைமட்டத்துக்கு இறங்கியது. அவள் முகம் என் காலடிக்குப் போனது. மேலே பார்த்துக்கொண்டே பேசினாள். வடை போய் ஆடு வந்தது, ஆடு போய்ப் பக்கத்து வளவுக்காரி வந்தாள். பிறகு மூச்சு வாங்கியது. சொற்களுக்கு நடுவே இடைவெளி கூடியது. பாதி வழியில், முகம் இருளுக்குள் போன நேரம், சத்தம் நின்றது.

"கதையடி!" என்று கத்தினேன்.

ஒன்றும் இல்லை. கயிறு மட்டும் கிறீச்சிட்டது. டேவ் நிறுத்தினான். நர்ஸ் கீழே நின்று பலகையைப் பிடிக்கக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். குழியின் விளிம்பில் முழங்காலில் விழுந்தேன். நானே கட்டி, நானே உடுத்தி, நானே அனுப்பிவிட்டேன் என்று அந்த ஒரு கணத்தில் நினைத்தேன். "பாக்கியம்! பேரைச் சொல்லு! சுமதியின்ரை பிள்ளையளின்ரை பேரைச் சொல்லடி!"

ரூத் என் தோளைப் பிடித்தாள். டேவ் கையைத் தளர்த்தினான். மெல்ல, மெல்ல. பலகை கல்லைத் தொடுகிற சத்தம் கேட்டது. பிறகும் ஒன்றும் இல்லை. பிறகு,

"நிலம் குளிருது" என்றாள்.

நர்ஸ் அவள் கையை எடுத்துக் கற்களில் வைத்திருந்தாளாம். அந்தப் படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூடத்தில், அடுப்புக்கு அருகே, நிலத்திலேயே படுக்கை போட்டோம். அடுத்த நாள் மழை விட்டது. பலகையோடு தூக்கி வெளியே வைத்தோம். வலது கையை நீட்டி மண்ணைக் கிள்ளி எடுத்தாள். விரலில் வைத்து நசித்துப் பார்த்தாள். "உதென்ன மண், சிவப்பாக் கிடக்கு. எங்கடை செம்பாட்டு மண் மாதிரி." முன்னுக்குத் தள்ளிய மேல்மாடியை முதன்முறையாக அடியிலிருந்து பார்த்தாள். "இதுக்குள்ளையோ இவ்வளவு நாளும் கிடந்தனான்? வடிவான வீடு அக்கா" என்றாள். மரத்தில் ஒரு பறவை மனிதரைப் போல உரக்கச் சிரித்தது.

"உதென்ன சிரிக்குது?"

"குருவியாம்."

"எங்களைப் பார்த்தோ?"

"உன்னைப் பார்த்து."

அதன் பிறகு ஏழு நாள்கூட ஆகவில்லை. ஒரு விடியற்காலை, அடுப்பில் தணல் கிடக்க, நான் பக்கத்தில் இருக்க, முதுகுக்குக் கீழே நிலம் இருக்கப் போய்விட்டாள். பிள்ளையார் கோயில் திருநீறு நெற்றியில் இருந்தது. கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கதைக்கச் சொல்லவில்லை.

இறக்கியதால் இல்லை என்றாள் நர்ஸ். மேலே கிடந்திருந்தாலும் இந்த நாட்கள்தானாம். அவள் படித்தவள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். கேட்டு வைத்துக்கொண்டேன். அதை நம்பித் தூங்க என்னால் முடியவில்லை.

பெட்டியோடு வந்தவர்கள் நாலு பேர், எல்லோரும் நெடியவர்கள். கறுப்பு உடுப்பு. எந்தப் பக்கத்தால் கொண்டுபோவது என்று கேட்டார்கள். முன்வாசலைக் காட்டினேன். எல்லோரும் நடக்கிற வாசல், நர்ஸ் மருந்தோடு வருகிற வாசல், ரூத் சப்பாத்துக் கழற்றிய வாசல். நிலை தாழ்வாக இருந்தபடியால் அந்த நாலு பேரும் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தித்தான் அவளைக் கொண்டுபோக வேண்டி வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெரிய மனிதருக்கும் அப்படி ஒரு மரியாதை நடந்து நான் பார்த்ததில்லை.

மின்சாரத்தில் எரித்தார்கள். எரித்துவிட்டு வந்த அன்றே சுமதி போன் எடுத்தாள். டிக்கற் கிடைக்கவில்லை, வர முடியவில்லை என்று அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு அவள் குரல் மாறியது.

"வாக்குத் தந்தனீங்கள் பெரியம்மா. இறக்க விடமாட்டன் எண்டனீங்கள்."

"ஓம்."

"ஆர் இறக்கச் சொன்னது? அண்ணையோ?"

குகன் எதிரே கதிரையில் இருந்தான். தலை குனிந்திருந்தான். நிரோ குசினி வாசலில் நின்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் சொன்னது. கொண்ணையும் இல்லை, மச்சாளும் இல்லை. நான்."

"சவ வழியால இறக்கினபடியால்தானே அம்மா ஒரு கிழமைகூட இருக்கேல்லை?"

"இருக்கலாம் பிள்ளை. எனக்குத் தெரியாது. கொம்மா நிலத்திலை கிடந்து போனவள். அது மட்டும் தெரியும். நீ ஆரையும் பேச வேணுமெண்டால் என்னைப் பேசு. அவையை விடு."

பேசினாள். கேட்டுக்கொண்டிருந்தேன். அவளாக வைக்கும்வரை நான் வைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அங்கே இருந்தேன். மேலே அந்த மூடியை ஆணி அடித்து மூடடா என்று குகனிடம் சொன்னேன். ஆணி அடிக்கச் சட்டம் விடாதாம். ரூத் வந்து பலகைகளைப் பொருத்திப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். காலால் தட்டினால் அந்த இடத்துச் சத்தம் இன்னும் வேறாகத்தான் இருந்தது. குகனும் நிரோவும் அந்த அறைக்குள் வரும்போது அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நிரோ ஒரு நாள் குனிந்து துணி மடிக்கும்போது கால் அதில் பட்டு, சுட்டது போல இழுத்துக்கொண்டதைக் கண்டேன். அவர்கள் அந்த வீட்டில் பயமில்லாமல் இருக்க வேண்டியவர்கள்.

பாக்கியத்தின் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து, அந்த மூடிக்கு மேலே போடச் சொன்னேன். ஊருக்குத் திரும்பும் நாள்வரை அதில்தான் படுத்தேன்.